சும்மா நிற்கும்போது ஏன் திணறுகிறது?

சிக்னலில் சிவப்பு விளக்கு. ஐந்து நிமிடம் முன்புவரை நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கிக்கொண்டு வந்த பழைய கார் அது. கியரை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது, ஜன்னல் கண்ணாடி கடகடக்கிறது. என்ஜின் இரண்டு முறை திக்குகிறது, ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடிக்கிறது, பச்சை விழுவதற்குள் நின்றே போகிறது. சாவியைத் திருப்பினால் உடனே உயிர் வருகிறது. கிளம்பினால் மறுபடி எந்தக் குறையும் இல்லை.

என் மாமாவின் கார் இப்படித்தான் இருந்தது. ஆறு மாதத்தில் மூன்று இடங்களில் காட்டினார். மூன்று இடத்திலும் கார்புரேட்டரில் இருந்த ஒரு ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் தாங்கியது. மாமாவின் கேள்வி எளிமையானது: "முக்கால் டன் எடையை இழுத்துக்கிட்டு ஓடும்போது கஷ்டப்படாத என்ஜின், ஒண்ணையும் இழுக்காம நிக்கும்போது ஏன்டா கஷ்டப்படுது?"

கேள்வி எளிமைதான். ஆனால் அதற்குள் காற்றழுத்தம், திரவ ஓட்டம், எரிதலின் வேதியியல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

மெதுவாகப் போவதுதான் கடினம்

பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் பந்தயம் நினைவிருக்கிறதா? கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு. வேகமாக ஓட்டும்போது தானாகவே நிமிர்ந்து நிற்கும் சைக்கிள், ஊர்ந்து போகும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சாலையில் கிடக்கும் ஒரு கூழாங்கல் வேகமாகப் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஊர்ந்து போகிறவரை அது காலூன்ற வைத்துவிடும்.

அடுப்பிலும் இதே கதைதான். கேஸ் அடுப்பை முழுதாகத் திறந்து வைத்தால் ஜன்னல் காற்று ஒன்றும் செய்யாது. சிம்மில் வைத்துவிட்டு வந்தால் அதே காற்று அணைத்துவிடும். காற்று மாறவில்லை, அதைத் தாங்க வேண்டிய சுடர் சிறுத்துவிட்டது.

வண்டி நகராமல் என்ஜின் மட்டும் ஓடுவதை மெக்கானிக்குகள் ஐடிலிங் என்பார்கள், சிலர் 'ஸ்லோ' என்பார்கள். தமிழில் வெற்றோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். அது என்ஜினின் சிம் நிலை. அந்தச் சுடர் எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1983 டிசம்பரில் அறிமுகமாகி நம் சாலைகளை நிறைத்த மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு வீச்சு என்ஜின். வெற்றோட்டத்தில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொண்டால், நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 1,350 வெடிப்புகள், மணிக்கு 81,000. இவ்வளவு சிறிய என்ஜின் சும்மா ஓட மணிக்கு அரை லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று கொண்டால், ஒரு வெடிப்புக்குக் கிடைப்பது 5 மில்லிகிராமுக்கும் குறைவு. கண்ணுக்கு விடும் மருந்தின் ஒரு சொட்டை எட்டாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு அது. நொடிக்கு 22 முறைக்கு மேல் அந்த எட்டில் ஒரு பங்குச் சொட்டைப் பிசகாமல் அளந்து கொடுக்க வேண்டும். ஒரு பங்கு பிசகினால் ஒரு திக்கல். பல பங்கு பிசகினால் என்ஜின் நின்றுவிடும்.

நெடுஞ்சாலையில் அதே பிசகு நேரும். ஆனால் அங்கே ஒவ்வொரு வெடிப்பும் பெரியது, அடுத்தது உடனே வந்துவிடும், வண்டியின் வேகமே என்ஜினைத் தள்ளிக்கொண்டு போகும். கூழாங்கல் தெரிவதில்லை.

காற்று அளக்கும் பெட்ரோல்

இந்த அளவைப் போடுவது யார்? இன்றைய கார்களில் ஒரு கணினியும் ஊசித்துளை வழியே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும். பழைய வண்டியில் கணினி இல்லை. அங்கே கார்புரேட்டர் என்னும் உலோகக் கலப்பி, இயற்பியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போனவர்களுக்கு அதன் அடிப்படை விதி உடம்பில் பட்டிருக்கும். இருபுறமும் மலை நெருக்கும் இடத்தில் காற்று வேகம் பிடிக்கிறது. அதனால்தான் அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலைகள். அகன்ற வழி குறுகும்போது அதில் ஓடும் காற்றோ நீரோ வேகமெடுக்கும். வேகமெடுத்த இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இந்த இரண்டாவது பாதியைச் சுவிட்சர்லாந்தின் டேனியல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். குறுகிய குழாயில் அதைச் சோதித்து 1797-இல் எழுதியவர் இத்தாலியின் வெஞ்சுரி. அவர் பெயரால்தான் கார்புரேட்டரின் குறுகிய இடுப்பை இன்றும் வெஞ்சுரி என்கிறோம். இடுக்குக் கழுத்து என்று தமிழில் சொல்லலாம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இரண்டு தாள்களை முகத்துக்கு முன்னால் நான்கு விரல் இடைவெளியில் தொங்கவிட்டு நடுவில் ஊதுங்கள். விலகிப்போகும் என்று எதிர்பார்ப்போம். அவை ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைய, வெளிக்காற்று தாள்களை உள்ளே தள்ளுகிறது.

அந்தக் கழுத்தில் ஒரு மெல்லிய குழாயை நீட்டி, அதன் மறுமுனையைப் பெட்ரோல் கிண்ணத்தில் முக்கி வையுங்கள். கழுத்தில் அழுத்தம் குறைவு, கிண்ணத்தின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம். பெட்ரோல் மேலே ஏறித் துளித்துளியாகச் சிதறும். பழைய கொசுமருந்து பம்பில் கைப்பிடியைத் தள்ளினால் டப்பாவிலிருந்து மருந்து பனிபோலப் பறந்ததும் இதே விதியால்தான். காற்று அதிகம் ஓடினால் அதிகம் உறிஞ்சும், குறைந்தால் குறைத்து உறிஞ்சும். தனக்கு வேண்டிய பெட்ரோலைக் காற்றே அளந்து எடுத்துக்கொள்கிறது. பெட்ரோலைத் தெளிக்கும் இத்தகைய கார்புரேட்டரை 1893-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் தங்கள் வடிவத்துக்குக் காப்புரிமை கோரினார்கள்.

அளவு ஏன் முக்கியம்? ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இதைச் சரிவிகிதம் என்போம். கன அளவில் பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று. பெட்ரோல் மிகுந்த கலவையை மெக்கானிக்குகள் ரிச் என்பார்கள், குறைந்ததை லீன் என்பார்கள். செறிகலவை, வறள்கலவை என்பது அவற்றுக்குப் பொருந்தும். ஒரு எல்லைக்கு மேல் செறிந்தாலும் தீப்பொறி பற்றாது, வறண்டாலும் பற்றாது.

காற்றே ஓடாதபோது?

மாமாவின் கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. இடுக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு வட்டத் தட்டு உண்டு, த்ராட்டில். அதைக் காற்றுக் கதவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மூடியபின் கழுத்து வழியே போகும் காற்று மிகக் குறைவு, மிக மெது. கணவாயில் காற்று வீசவில்லை. பிரதானக் குழாயிலிருந்து ஒரு துளியும் ஏறாது. கார்புரேட்டரின் அடிப்படை விதியே வெற்றோட்டத்தில் வேலை செய்வதில்லை.

இதற்கு வடிவமைத்தவர்கள் கண்ட வழி அழகானது. கதவுக்கு மேலே உறிஞ்சல் இல்லை. கீழே? அங்கே பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருக்கின்றன, கதவு விடுவதில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் பாதரச உயரம் என்று பள்ளியில் படித்திருப்போம். கடல்மட்ட ஊர்களில், நல்ல என்ஜின் சும்மா ஓடும்போது கதவுக்குக் கீழே அதில் 45 முதல் 55 சென்டிமீட்டர்வரை காணாமல் போயிருக்கும். எஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்கு அழுத்தம். வேக்கம் என்று எல்லோரும் சொல்லும் இந்தக் குறையழுத்தத்தைப் பயன்படுத்தி, கதவுக்குக் கீழே ஒரு சிறு துளையில் வந்து முடியும் தனிப்பாதையை அமைத்தார்கள். கிண்ணத்திலிருந்து பைலட் ஜெட் என்னும் நுண்துளை வழியாகப் பெட்ரோல் வரும், கொஞ்சம் காற்றோடு நுரைக்கும், ஒரு ஊசிமுனை ஸ்க்ரூவைத் தாண்டி உள்ளே இறங்கும். மாமாவின் காரில் மூன்று பேர் திருகியது இந்த ஸ்க்ரூவைத்தான்.

ஆகவே நெடுஞ்சாலையில் ஓடுவது ஒரு வழி, சிக்னலில் நிற்பது வேறு வழி. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேனிஃபோல்டு என்னும் உள்ளிழுகுழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதால், முந்தைய வெடிப்பின் புகை முழுதும் வெளியேறாமல் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கிவிடுகிறது. புகை சூழ்ந்த அடுப்பறையில் விறகு பற்ற வைப்பது போலத்தான் தீப்பொறியின் நிலை. அதனால்தான் வெற்றோட்டக் கலவையைக் கொஞ்சம் செறிவாகவே வைத்திருப்பார்கள். அங்கே வறட்சி என்பது உடனே தெரியும் குற்றம்.

ஓட்டை விழுந்த ஸ்ட்ரா

இளநீரை ஸ்ட்ரா வைத்துக் குடிக்கும்போது அதன் நடுவில் ஒரு கீறல் இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுத்தான் வாய்க்கு வரும். கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே எங்கு ஓட்டை விழுந்தாலும் இதுதான் நடக்கிறது. கார்புரேட்டர் அடியில் உள்ள பேக்கிங், மேனிஃபோல்டு இணைப்பு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய், தேய்ந்துபோன த்ராட்டில் தண்டு என எந்த வழியாகவும் காற்று புகலாம். அது கார்புரேட்டரைத் தொடாமல் வந்த காற்று. கூடவே பெட்ரோலைக் கொண்டு வராது. கலவை வறண்டுபோகும். "ஏர் இழுக்குது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வது இதைத்தான்.

இது ஏன் ஓட்டத்தில் தெரிவதில்லை? முன்பு போட்ட கணக்கின்படி மாருதி 800 சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 லிட்டர் காற்றுதான் இழுக்கும். ஓட்டை வழியே 10 லிட்டர் திருட்டுத்தனமாக வந்தால் ஏழில் ஒரு பங்கு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 5,000 சுற்றில் ஓடும்போது அதே என்ஜின் 1,500 லிட்டருக்கு மேல் இழுக்கும். அங்கே 10 லிட்டர் ஒரு பொருட்டே இல்லை. அதோடு கதவு திறந்துவிட்டால் குறையழுத்தமும் போய்விடும். ஓட்டை இருந்தும் அதன் வழியே காற்றைத் தள்ள ஆள் இல்லை. வேகத்தில் மறைந்து நிதானத்தில் தலைகாட்டும் நோய்க்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

ஊசியைவிட நுண்ணிய துளை

வறட்சிக்கு இன்னொரு காரணம் பைலட் ஜெட். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் திருகு. அதன் நடுவில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு வெண்புள்ளி தெரிய வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தப் புள்ளி மங்கியிருக்கும், சில சமயம் தெரியவே தெரியாது. கிண்ணத்தில் இருந்த பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போய்விட, மிச்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தேன்நிறப் பிசினாக மாறி ஒட்டிக்கொள்கிறது.

துளையின் விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போகும் பரப்போ பாதிக்கும் மேல் குறைந்துவிடும். பிரதான ஜெட்டின் துளை பெரியது. அதே தடிமனுள்ள பிசின் அங்கே அவ்வளவு சேதம் செய்வதில்லை. இதையும் வெற்றோட்டம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீடுகளில் ஸ்டவ் பின் இருக்கும். அடைத்த துளையில் குத்தி எடுத்தால் சுடர் நீலமாக எழும். அந்தப் பழக்கத்தில் ஜெட்டிலும் கம்பியை விடத் தோன்றும். வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிட்டால் அளவு நிரந்தரமாகப் போய்விடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதுவதே முறை.

என்ஜினிடம் கேள்வி கேட்பது

இதுவரை கலவையைப் பற்றியே பேசினோம். ஆனால் வெடிப்புக்கு மூன்று வேண்டும்: சரியான கலவை, சரியான நேரத்தில் தீப்பொறி, கலவையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம். மூன்றில் எது கெட்டாலும் வெளியே கேட்பது அதே திக்கல். பின் எப்படித்தான் பிரித்தறிவது? மாமாவின் வண்டியை நான்காவதாகப் பார்த்த மெக்கானிக்கிடம் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். ஸ்க்ரூ டிரைவரோடு நின்ற என்னிடம் அவர் சொன்னார்: "ஸ்க்ரூவுல கை வைக்காதீங்க சார். அது கடைசி. முதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

முதலில் காதால் கேட்டார். சீரான இடைவெளியில் திரும்பத் திரும்பத் திக்கினால் குற்றவாளி ஒரே சிலிண்டர். ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்று, பெரும்பாலும் கலவை.

அடுத்து புகைக்குழாய் வாயில் ஒரு நோட்டுத் தாளைத் தொங்கவிட்டார். நல்ல என்ஜினில் தாள் சீராக வெளிப்பக்கம் படபடக்கும். அவ்வப்போது உள்ளே இழுத்தால், புகை வெளியேறும் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். இந்தத் தாள் இழுபடவில்லை.

பிறகு பிளக்குகளைக் கழற்றினார். கரி படிந்து கறுத்திருந்தால் செறிகலவை, ஈரமாக எண்ணெய் படிந்திருந்தால் தேய்ந்த என்ஜின், வெளிறி வெண்மையாக இருந்தால் வறள்கலவை, இளம்பழுப்பு என்றால் ஆரோக்கியம். மூன்றும் வெளிறியிருந்தன. இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்து 0.8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டில் தீய்ந்த குழி இருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டராக பிளக் வயரைத் துண்டித்து ஓட்டினார். எந்த வயரை எடுத்தால் ஓட்டம் மாறவே இல்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது என்று பொருள். மூன்றிலும் ஓட்டம் ஒரே அளவு தளர்ந்தது. தீப்பொறியும் அழுத்தமும் விடுதலை. இந்தச் சோதனையை அனுபவம் இல்லாதவர்கள் செய்யக்கூடாது. அந்த வயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

மிஞ்சியது கலவை. இங்கே அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. என்ஜின் நன்றாகச் சூடான நிலையில் சோக்கைக் கொஞ்சம் இழுத்தார். சோக் என்பது கார்புரேட்டரின் மேல்வாயை மூடிக் காற்றைக் குறைக்கும் தட்டு. மூடினால் கலவை செறியும். சூடான, நலமான என்ஜின் இதற்குத் தடுமாற வேண்டும். மாமாவின் என்ஜினோ நடுக்கத்தை நிறுத்திச் சீராக ஓடியது. பசித்தவனுக்கு ஒரு கவளம் கிடைத்தது போல. இதற்கு ஒரே பொருள்தான்: அதற்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது வேண்டாத காற்று புகுகிறது.

வேக்கம் கேஜை மாட்டினார். பாதரசக் குழாயால் காற்றுக்கு எடை உண்டு என்று 1640-களில் இத்தாலியின் டாரிசெல்லி காட்டினாரே, அதே அளவுதான் இந்த வட்டமுகத்திலும். முள் ஒரே கால இடைவெளியில் சட்டென்று விழுந்தால் ஒரு வால்வு; மெல்ல அலைந்தால் கலவை; ஆடாமல் தாழ்ந்தே நின்றால் காற்றுக் கசிவு அல்லது தாமதமான தீப்பொறி. முள் ஆடாமல் 38 சென்டிமீட்டரில் நின்றது. தீப்பொறி நேரத்தை டைமிங் லைட்டால் பார்த்தார், சரி. சந்தேகம் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

சோப்புத் தண்ணீரைச் சிறு பாட்டிலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் சொட்டினார். சிலர் இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பார்கள். சூடான என்ஜினில் அது தீயை அழைப்பது. கார்புரேட்டர் அடிப் பேக்கிங்கில் மாற்றமில்லை. பூஸ்டர் குழாயில் இல்லை. மேனிஃபோல்டின் அடிப்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில் பயன்படுத்தாத ஒரு சிறு குழாய்முனை இருந்தது. அதை மூடியிருந்த ரப்பர் மூடியில் ஈரம் பட்டதும் என்ஜினின் குரல் மாறியது. "கையை வைங்க சார்" என்றார். விரல்நுனியை வைத்தேன். அட்டை ஒட்டியது போல் விரலை அது இழுத்துக்கொண்டது. ஸ்டியரிங் நடுக்கம் நின்றது. ஆண்டுக்கணக்கில் சூடு பட்டு விறைத்த அந்த மூடியின் விளிம்பில், நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல்.

திருகிய ஸ்க்ரூ என்ன செய்தது?

முன்பு ஸ்க்ரூவைத் திருகியவர்களும் பொய் சொல்லவில்லை. ஸ்க்ரூவைத் திறந்தால் பெட்ரோல் கூடும், வறட்சி தற்காலிகமாக ஈடுகட்டப்படும். ஆனால் மூடியின் விரிசல் வளர்ந்துகொண்டே போகும். அடுத்த வாரம் மறுபடி போதாது. நோய் இருக்க வலிமாத்திரை கொடுத்த கதை.

மூடியை மாற்றிய பிறகுதான் அந்த ஸ்க்ரூவுக்கு முறை வந்தது. என்ஜினைச் சூடாக்கி, வேகத்தைச் சரியான அளவில் வைத்து, ஸ்க்ரூவை ஓட்டம் தளரும்வரை ஒரு பக்கம் மெல்லத் திருப்பினார். பிறகு மறுபக்கம் மீண்டும் தளரும்வரை. இரண்டுக்கும் நடுவே வேக்கம் முள் மிக உயரத்தில் நிற்கும் இடத்தில் விட்டார். சில கார்புரேட்டர்களில், குறிப்பாக இருசக்கர வண்டிகளில், இந்த ஸ்க்ரூ பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் கட்டுப்படுத்தும். ஏர் ஸ்க்ரூ என்பார்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று, என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் என்பது பொது அடையாளம். திருப்பும் திசையின் பலன் அதற்கேற்ப மாறும்.

இந்தக் கேஜெல்லாம் இல்லாதவர்களிடமும் ஒரு சோதனை அறிக்கை இருக்கிறது: புகைச் சான்றிதழ். புகைப் பரிசோதனை நிலையத்தில் புகைக்குழாயில் கம்பியை விட்டு அளப்பது வெற்றோட்டத்தில்தான். பாரத் ஸ்டேஜ் 2 என்னும் மாசு விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 1,500 பங்கு என்பது வரம்பு. மோனாக்சைடு அதிகமென்றால் கலவை செறிந்திருக்கிறது. மோனாக்சைடு குறைந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. வறட்சியோ தீப்பொறிக் கோளாறோ என்று தேடலாம். பலரும் மடித்து வைத்துவிடும் அந்தச் சீட்டில் என்ஜினின் வாக்குமூலம் அச்சாகியிருக்கிறது.

மாறும் காற்று, மாறும் பெட்ரோல்

வண்டியில் எதுவும் கெடாமலும் வெற்றோட்டம் கெடலாம். சென்னையில் சரிசெய்த கார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறினால் காற்று மெலிந்திருக்கும். ஜெட்டின் துளை அதேதான். கலவை செறிந்து என்ஜின் சோம்பும். கொளுத்தும் வெயிலில் ஓட்டி நிறுத்திய வண்டியில் என்ஜின் சூட்டால் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து வழியும். திரும்பக் கிளப்பினால் கொஞ்ச நேரம் திணறும். இவை பழுதுகள் இல்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று நாடெங்கும் கிடைக்கிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் இந்தப் பெட்ரோலின் சரிவிகிதம் 14.7 இல்லை, சுமார் 13.5. புதிய வண்டியில் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி இதைக் கண்டு கணினிக்குச் சொல்லிவிடும். கார்புரேட்டருக்குச் சொல்ல ஆள் இல்லை. பழைய பெட்ரோலுக்காகத் துளைத்த ஜெட்டோடு அது வறள் பக்கம் நகர்ந்து நிற்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் பாதிக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர்களை ஆண்டுக்கு ஒருமுறை வளைத்துப் பார்ப்பது இப்போது முன்னைவிட அவசியம்.

இரண்டாயிரமாவது ஆண்டையொட்டிக் கார்களிலிருந்தும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது. ஆனால் அதை நம்பி ஓடும் வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் நடுக்கத்தைக் கேட்டுக் காரணம் சொல்லத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. அவர்கள் செய்வது ஆய்வுக்கூடத்தில் நடப்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் கவனி, பொருந்தாத காரணத்தை நீக்கு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி திணறினால் இந்த வரிசையை நினைவில் வையுங்கள். முதலில் பிளக்கும் தீப்பொறியும், பிறகு காற்றுக் கசிவு, அடுத்து ஜெட், கடைசியில் ஸ்க்ரூ. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, அரை நிமிடம் கை எதையும் தொடாமல் என்ஜினைக் காதால் கேளுங்கள். சும்மா நிற்கும்போதுதான் அது தன் குறையை மறைக்காமல் சொல்கிறது.